எழுத்தாவது யாது? – கணினி நூலகங்களின் எழுத்து வகுப்பு

ஒரு பொருளுக்கு இலக்கணம் வகுப்பவர் அவ்வியாத்தி, அதிவியாத்தி, அசம்பவம் என்னும் முக்குற்றமும் புகாவண்ணம் வகுத்தல் வேண்டுமென்பது தருக்கநூலார் துணிபு. கூறிய இலக்கணம் இலக்கியத்தின் ஒரு பகுதிக்கண் செல்லாதொழிதல் அவ்வியாத்தி; இலக்கியமல்லாத பிறவற்றின்கண்ணும் செல்லுதல் அதிவியாத்தி; இலக்கியத்தின்கண் யாண்டும் செல்லாமை அசம்பவம். பசுவாவது கபில நிறமுடையது என்பதும், கொம்புடையது என்பதும், ஒற்றைக் குளம்புடையது என்பதும் இவற்றிற்கு முறையே காட்டப்படும் உதாரணங்களாம். கணினிக்கு நிரலெழுதுவோர் நாள்தோறும் கையாளும் இலக்கணம் ஒன்றில் இம்மூன்று குற்றமும் காணப்படுகின்றன. அவ்விலக்கணம் ‘எழுத்தாவது யாது?’ என்னும் வினாவிற்கு விடையாக நிற்பது.

இதனைத் தமிழ்நூல் பயில்வார் ஆராய்தல் எற்றுக்கெனின், கூறப்படும். திருமுறைகளும் சாத்திரங்களும் அவற்றின் உரைகளும் இக்காலத்து மின்னேடுகளாக வழங்குகின்றன. 1998 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் முதலிய முயற்சிகளால் பழந்தமிழ் நூல்கள் பல எவரும் எடுத்தாளுமாறு கணினியில் ஏறியுள்ளன. அவற்றிற்குச் சொல்லடைவு செய்யப் புகுவார், முற்காலத்தார்போல ஆண்டுக்கணக்கில் ஓலைத்துண்டுகளை அடுக்கிக்கொண்டிராது, ஒரு சிறு நிரலை எழுதி ஒரு நாழிகைக்குள் அடைவைப் பெற எண்ணுவர். அந்நிரல் முதற்கண் செய்யவேண்டுவது நூலைச் சொற்களாகப் பகுத்தல். கணினியோ சொல்லென ஒன்றை அறியாது. வரியுருக்களின் தொடர்ச்சியையே அறியும். எனவே, எழுத்தாயுள்ளவை தொடர்ந்து வருமளவும் ஒரு சொல்லென்றும், எழுத்தல்லாதது வந்தவழிச் சொல் முடிந்ததென்றும் கொள்ளுமாறு அதற்குக் கற்பிக்கப்படுகிறது. ஆகலான், எது எழுத்து, எது எழுத்தன்று என்னும் துணிபே அடைவு முழுமைக்கும் அடிப்படையாகிறது. அத்துணிபை நிரலெழுதுவோன் தானே செய்வதில்லை. நிரல்மொழியோடு உடன்வைத்துத் தரப்படும் நூலகத்திலுள்ள ஒரு செயற்கூற்றைக் கேட்டு அது சொல்லியவாறே செய்கிறான். பிழை நுழையும் வாயில் ஈதே.

இவ்வகைச் செயற்கூறுகளிற் பழமையும் பெருவழக்கும் உடையவை சி மொழியின்கண் உள்ளவை. 1989 இல் அம்மொழிக்கு அமெரிக்க நியமம் வகுக்கப்பட்டபொழுது, வரியுருக்களை வகைப்படுத்தும் செயற்கூறுகள் பதினொன்று அதன்கண் இடம்பெற்றன. எழுத்தோவென வினவுவது ‘இஸ்ஆல்பா’; இலக்கமோவென வினவுவது ‘இஸ்டிஜிட்’; வெற்றிடமோ, நிறுத்தக்குறியோ, பெரிய எழுத்தோ, சிறிய எழுத்தோ என இங்ஙனம் பிறவும் வினவும். இவை பெரும்பாலும் ஓர் அட்டவணையைக் கொண்டே விடை தருகின்றன. ஒரு பைட் கொள்ளக்கூடிய 256 மதிப்புகளுக்கும், ஏடு முடிந்தமை காட்டும் குறிக்கும் ஆக 257 அறைகள் அமைக்கப்பட்டு, ஒவ்வோர் அறையிலும் அம்மதிப்பு எவ்வெவ் வகையைச் சார்ந்ததென்பது சிறு குறிகளாக இடப்பட்டிருக்கும். வினா எழுந்தவுடன் உரிய அறையை நோக்கி உண்டு அல்லது இல்லையென்று கூறிவிடும். விரைவும் எளிமையும் கருதின் இதனினும் நல்லதோர் ஏற்பாடு காண்டலரிது.

ஆயின் அவ்வட்டவணைக்குப் பின்னிற்பது ஆஸ்கி என்னும் குறியெண் முறை. 1963 இல் வெளிவந்து 1967 இல் திருத்தம்பெற்ற அம்முறையில் உள்ளவை 128 இடங்களே. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கள் 65 முதல் 90 வரையும், சிறியவை 97 முதல் 122 வரையும் நிற்கும். பிறமொழி எழுத்துக்களுக்கு அதில் இடமில்லை. தமிழ் அகரமோ, இன்று பெரும்பான்மையும் வழங்கும் யூடிஎஃப்-8 என்னும் முறையில் 224, 174, 133 என மூன்று பைட்களாக எழுதப்படுகிறது. சி மொழியின் இயல்பான நிலையில் இம்மூன்றில் ஒன்றேனும் எழுத்தாகாது. ஆகவே தமிழ் நெடுங்கணக்கு முழுவதிலும் ஓர் எழுத்தின்கண்ணும் அவ்விலக்கணம் செல்லாது. இஃது அசம்பவம். இன்னொரு தீங்கும் உண்டு. பைட்டினைக் குறையெண்ணாகவும் கொள்ளவல்ல கணினிகளில் 224 என்பது −32 ஆகத் தோன்றும். −32 ஆம் அறை அட்டவணையில் இல்லை. அங்ஙனம் வினவுவதன் விளைவு வரையறுக்கப்படாதது என அம்மொழி நியமமே கூறிவிட்டமையின், நிரல் இடைவழியில் வீழ்ந்துபடுதலும் கூடும். அகன்ற வரியுருக்களுக்கென 1995 இல் வேறு செயற்கூறுகள் சேர்க்கப்பட்டன. எனினும் அவற்றின் விடை கணினியில் அமைந்த வட்டார அமைப்பைப் பொறுத்து வேறுபடும்.

இக்குற்றம் பெரிதாயினும் மறைந்து நில்லாதது. அடைவு செய்யப் புகுந்தவன் வெறுந்தாளையே பெறுவானாதலின் பிழையுண்மையை உடனே அறிவான். முற்றும் இல்லையாதலினும் பாதி இருத்தல் கொடிதென்பது பின்வருவதனால் விளங்கும்.

உலகத்து எழுத்துமுறைகள் அனைத்தையும் ஒரே கணக்கில் அடக்க எழுந்தது யூனிகோடு. அதன் முதற்பதிப்பு 1991 இல் வந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒவ்வொரு குறியெண்ணுக்கும் ஒரு பொதுவகையும் அதன்கண் விதிக்கப்படுகிறது. பெருவகைகள் எழுத்து, சார்குறி, எண், நிறுத்தக்குறி, சின்னம், பிரிப்பான், ஏனையவை என ஏழு, உட்பிரிவுகள் முப்பது. எழுத்தென்னும் பெருவகையுள்ளும் பெரியது, சிறியது என்னும் வேறுபாடு இல்லாத மொழிகளின் எழுத்துக்கள் ‘மற்றை எழுத்து’ என்னும் பிரிவில் வைக்கப்பட்டன. தமிழும் சீனமும் அரபும் ஆண்டே உள்ளன. உலகில் மிகுதியாயுள்ளவற்றை மற்றையவென்றல் வியப்பே. வகுத்தவர் எங்கே நின்று வகுத்தார் என்பதனை அப்பெயரே காட்டிவிடுகிறது.

தமிழுக்குள் வகுப்பு நிகழ்ந்தவாறு இது: உயிர் பன்னிரண்டும் எழுத்து. ஆய்தமும் எழுத்து, அதற்கு விசர்க்கம் என்று பெயரிட்டமை பிழையாயினும், ஒருகால் இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது யூனிகோட்டின் விதியாதலின் அப்பிழை என்றும் நின்றுவிடும். க, ங, ச முதலாக அகரமேறிய உயிர்மெய் பதினெட்டும் எழுத்து. ஆகார முதலிய உயிர்களைக் காட்டும் கால், கொம்பு, சுழி முதலியனவும் புள்ளியும் எழுத்தல்ல, அவை சார்குறிகள். தொல்காப்பியர் மெய்யை முதலெழுத்தாகக் கொண்டு, அதன்மேல் உயிர் ஏறுங்கால் உயிர்மெய் பிறக்கும் என்றார். யூனிகோடு இதனைத் தலைகீழாக்கி, ‘க’ என்பதனை ஒரே குறியெண்ணாகவும், ‘க்’ என்பதனைக் ககரமும் அகரத்தை நீக்கும் புள்ளியுமாக இரண்டு குறியெண்ணாகவும் வைத்தது. சேமித்தற்கு இவ்வேற்பாட்டால் இடர் ஒன்றும் இல்லை. ‘இஃது எழுத்தோ?’ என வினவுமிடத்தே இடர் தோன்றுகிறது.

இனி, பைத்தான் என்னும் நிரல்மொழியை எடுத்துக்கொள்க. இலக்கிய ஆராய்ச்சியில் இன்று பெரிதும் பயில்வது அதுவே. அதன் நூலகத்தும் ‘இஸ்ஆல்பா’ எனப் பழம்பெயர் தாங்கிய செயற்கூறு ஒன்று உண்டு. கொடுத்த தொடரிலுள்ள ஒவ்வொரு குறியெண்ணும் எழுத்தென்னும் பெருவகையைச் சார்ந்திருப்பின் உண்மையென்றும், ஒன்றேனும் சாராதொழியின் பொய்யென்றும் அது கூறும். சார்குறி அப்பெருவகையின்கண் வாராது. ஆகவே 247 எழுத்துக்களையும் ஒவ்வொன்றாக அதனிடம் கொடுப்பின் விளைவது யாதெனின், உயிர் பன்னிரண்டும் ஆய்தம் ஒன்றும் அகர உயிர்மெய் பதினெட்டுமாக 31 எழுத்துக்கள் மட்டுமே எழுத்தெனத் தேறும். மெய் பதினெட்டும், ஆகார முதல் ஔகாரம் இறுதியாகப் பதினோருயிரும் ஏறிய உயிர்மெய் 198 உமாக 216 எழுத்துக்கள் எழுத்தல்லவெனத் தள்ளப்படும். (இவ்வெண் உயிர்மெய்த் தொகையோடு ஒத்து நிற்றல் தற்செயலே, இரண்டும் ஒன்றல்ல.) ‘பல’ என்பது எழுத்தாலாகிய சொல்; ‘பால்’ என்பது அன்று. பிரணவத்தைக் குறிக்கும் ‘ௐ’ என்னும் ஒற்றையுரு 2008 இல் யூனிகோட்டிற் சேர்க்கப்பட்டு எழுத்தென வகுக்கப்பட்டமையின் தேறும். ‘ஓம்’ என எழுத்துக்கூட்டி எழுதினாலோ மகரத்தின் மேலுள்ள புள்ளியால் தேறாது. அவ்வியாத்திக்கு இதனினும் தெளிந்த உதாரணம் வேண்டுவதில்லை.

சொற்பகுப்புச் செய்யும் கருவி இச்செயற்கூற்றினையே ஆதாரமாகக் கொண்டது. பைத்தான் நூலகத்தில் ஒரு வடிவத்தைக் கொடுத்து அதற்கொத்த பகுதிகளைத் தேடும் பகுதியில், ‘சொல்லுரு’ என்பதற்கு எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் என்றே பொருள் கொள்ளப்பட்டது. ஆதலால் ‘திருமுறை’ என்னும் ஒரு சொல் அதன் கையில் த, ர, ம, ற என நான்கு சொற்களாகச் சிதறுகிறது. ‘சிவன்’ என்பது ச எனவும் வன எனவும் இரண்டாகிறது. இங்ஙனம் சிதறிய அடைவைக் கண்டவுடன் பிழையென்று அறிதல் எளிது. ஆனால் தேடுதற்கண் நிகழும் பிழை அத்துணை எளிதிற் புலப்படாது. ‘வன’ என்னும் சொல் தனித்து வருமிடங்களை மட்டும் காட்டுக என்று ஏவின், அக்கருவி ‘சிவன்’ என்பதன் நடுவே அதனைக் காட்டும். வகரத்தின் முன்னுள்ள சுழியும் னகரத்தின் மேலுள்ள புள்ளியும் சொல்லுருவல்ல, சொல்லின் எல்லை என அது கொண்டமையின். ‘பல’ என்பதனைத் தனிச்சொல்லாகத் தேடின் பலி, பலா, பல் என்பனவும் உடன்வரும். ஒரு நூலில் ஒரு சொல் இத்துணை முறை பயின்றது என்று எண்ணிக்கை காட்டி, அதனால் நூலின் காலத்தையோ ஆசிரியரையோ துணியப் புகுவாருக்கு இவ்வெண்ணிக்கை எவ்வளவு தீங்கு செய்யும் என்பதனைச் சொல்லவேண்டுவதில்லை. அவர் காண்பது வெறுந்தாளன்று. ஒழுங்காக நிரல்பட்ட எண்கள். ஐயுறுதற்கு அவற்றில் ஏதுவொன்றும் தோன்றாது.

அற்றேல், யூனிகோடு இதனை அறியாதோ எனின், அறியும். பொதுவகையின் வேறாக ‘அகரவரிசைத் தன்மை’ என்னும் இயல்பொன்றையும் அது வகுத்துள்ளது. கால், கொம்பு முதலிய உயிர்க்குறிகளுக்கு அவ்வியல்பு உண்டு. ஜாவா மொழியில் பொதுவகையை வினவும் செயற்கூறு வேறு, இவ்வியல்பை வினவும் செயற்கூறு வேறு. பின்னது 2011 இல் ஏழாம் பதிப்பில் வந்தது. ரஸ்ட் மொழியின் நூலகம் இவ்வியல்பையே வினவுகிறது. பைத்தானின் விளக்கவுரையும் தன் செயற்கூறு கருதுவது பொதுவகையே என்றும், அகரவரிசைத் தன்மையின் அது வேறு என்றும் ஒளியாது கூறுகிறது. ஆகலின் நூலகஞ் செய்தாரைப் பொய்யுரைத்தார் எனல் பொருந்தாது. எழுத்தோவென்னும் பொருள்படப் பெயரிட்டுவிட்டு, குறியெண்ணின் வகை இன்னதோ என வினவுதலே அவர்பால் உள்ள குறை. பெயரை நம்பினார் உரையைப் படிப்பதில்லை.

அகரவரிசைத் தன்மையைக் கொண்டாலேனும் குற்றம் நீங்குமோ எனின், முற்றும் நீங்காது. உயிர்க்குறிகளுக்கு அத்தன்மை உண்டென்ற யூனிகோடு புள்ளிக்கு அது இல்லையென்றது. ஒலியொன்றையும் தாராது, உள்ள ஒலியை நீக்குவதே புள்ளியின் தொழிலாதலின் அங்ஙனம் கொண்டார் போலும். இவ்வாற்றான் 247 எழுத்துள் 229 தேறும். மெய் பதினெட்டும் தேறா. புள்ளியுடைமையை மெய்யின் இயல்பென இலக்கணநூல் விதித்திருக்க, அப்புள்ளியே மெய்யை எழுத்துத்தன்மையினின்றும் நீக்கும் ஏதுவாயிற்று.

சார்குறிகளின் உட்பிரிவை நோக்கின் வகுத்தார் கருத்து இன்னும் விளங்கும். இடங்கொள்ளும் சார்குறி, இடங்கொள்ளாச் சார்குறி என அவை இருபாற்படும். இகரக்குறி இடங்கொள்வது, ஈகாரக்குறி இடங்கொள்ளாதது. குறிலுக்கும் நெடிலுக்கும் வகை வேறாதற்குக் காரணம் என்னையெனின், ‘ி’ எழுத்தின் வலப்பால் நீண்டு தனக்கென ஓரிடம் பற்றும். ‘ீ’ எழுத்தின் தலைமேல் ஏறி நிற்கும் என்றமையே. ஆகவே இப்பகுப்பு அச்சுக்கோப்பார் நோக்கிற்று; இலக்கணிகள் நோக்கிற்றன்று. ஒலிவடிவும் வரிவடிவும் வேறென்பது தமிழ் இலக்கணிகள் நெடுங்காலமாகப் போற்றிய பகுப்பு. வரிவடிவின் ஓருறுப்பு தாளில் எங்கே நிற்கிறது என்பதனை அறிய இவ்வகை உதவும். ஒலிவடிவாகிய எழுத்தினைப் பற்றி ஒன்றும் கூறாது.

இவற்றினும் வியப்பானது பைத்தானின் இன்னொரு கூற்று. 2008 இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு முதலாக நிரலிலுள்ள பொருள்களுக்கு உலகமொழிகளிலும் பெயரிடலாம் என்னும் உரிமை தரப்பட்டது. பெயரின் தொடக்கத்தன்றி இடையிலும் ஈற்றிலும் சார்குறிகள் வரலாமென அதன்கண் விதி உண்டு. எனவே ‘சிவன்’ என்பது ஒரு பொருட்குப் பெயராதற்குத் தக்கதோ என வினவின், தக்கதென்று விடை வரும்; அதே தொடர் எழுத்துக்களால் ஆகியதோ என வினவின், அன்றென்று விடை வரும். ஒரே நூலகம் ஒரே சொல்லைப் பெயரென ஏற்று எழுத்தென மறுக்கிறது.

எண்களின் வகுப்பில் அதிவியாத்தி வெளிப்படுகிறது. இலக்கமோவென வினவும் பைத்தான் செயற்கூறு, ஓரெண்ணின் தலைமேற் சிறிதாக எழுதப்படும் ² என்னும் அடுக்குக்குறியையும் இலக்கமென்கிறது. அதனை எண்ணாக மாற்றுக என்றாலோ மாற்றமாட்டாது பிழையென நிற்கிறது. தமிழிலக்கங்களில் ஒன்று முதல் ஒன்பது வரையுள்ளனவும், 2005 இல் சேர்க்கப்பட்ட சுழியமும் பதின்ம இலக்கங்களாக வகுக்கப்பட்டுள்ளன. ‘௨௩’ என எழுதினால் இருபத்துமூன்றென அக்கணினி அறியும். ஆனால் பழைய வழக்குப்படி ‘௨௰௩’ என எழுதினால் அறியாது. ௰, ௱, ௲ என்பன இலக்கங்களல்ல, எண்ணின் பிறவகை எனப்பட்டன. ஏடுகளிலும் பழம்பதிப்புகளிலும் பாட்டெண்கள் இவ்வாறு வருமிடங்களை ஆராய்வார், பத்தும் நூறும் ஆயிரமும் வருமிடத்துத் தாமே கணக்கிடும் நிரலை எழுதிக்கொள்ளல் வேண்டும். முந்திரி முதலிய கீழ்வாயிலக்கங்களும் பிற பழங்கணக்குக் குறிகளுமாக 51 உருக்கள் 2019 இல் வேறோரிடத்திற் சேர்க்கப்பட்டமையும் ஈண்டு அறியத்தக்கது.

எவ்வகுப்பாலும் தீராத குற்றம் ஒன்று உண்டு. அது தட்டெழுதுவோரைச் சார்ந்தது. ‘கௌரி’ என்பதன்கண் உள்ள ஔகாரக்குறியின் வலப்பகுதி ளகரத்தை ஒத்திருத்தலின், எகரக்கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து ‘கெளரி’ எனப் பலர் பதிந்துள்ளனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு முன்னது ஒரு சார்குறி, பின்னது ஒரு சார்குறியும் ஓர் எழுத்தும். இவ்வாறே ௧ என்னும் இலக்கத்திற்குக் ககரத்தையும், ௨ என்பதற்கு உகரத்தையும் இட்டார் உளர். நூற்றொடக்கத்து எழுதும் பிள்ளையார் சுழியோ தனக்கெனக் குறியெண் பெறாமையின் உகரமாகவே பதியப்பட்டு, அடைவில் உகரச்சொற்களின் தலைப்பில் வந்து அமர்ந்துவிடும். இவற்றை நூலகம் திருத்தாது. பதிப்பாசிரியன் கண்ணே திருத்தும்.

சொற்பகுப்புக்கு வழி இல்லையோ எனின், உண்டு. யூனிகோட்டார் வடிவத் தேடலுக்கென வகுத்த நெறியில் சொல்லுருவாவது அகரவரிசைத் தன்மையுடையனவும், சார்குறி அனைத்தும், பதின்ம இலக்கமும், இணைப்புக்குறிகளும் எனப்பட்டது. சார்குறி அனைத்தும் என்றமையால் புள்ளியும் அடங்கிற்று. பேர்ல் மொழியும், ரஸ்ட் மொழிக்கென வழங்கும் வடிவத் தேடற்கருவியும் இவ்வாறே கொள்கின்றன. ஜாவாஸ்கிரிப்டில் பழைய சொல்லுரு ஆங்கிலத்தையன்றிப் பிறிதொன்றையும் அறியாதாயினும், 2018 இன் நியமம் முதலாக எழுத்து, சார்குறி என்னும் பெருவகைகளைப் பெயர்சொல்லி அழைக்கலாம். பைத்தானில் ஒவ்வொரு குறியெண்ணின் பொதுவகையையும் கூறும் பகுதி அதன் நூலகத்திலேயே உண்டு. அதனைக் கேட்டு, எழுத்தும் சார்குறியும் தொடர்வனவற்றை ஒரு சொல்லெனக் கொள்ளுமாறு நிரலமைப்பின் ‘திருமுறை’ சிதறாது. அதற்குமுன், ஒகரக்குறி ஒரே குறியெண்ணாகவும் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதப்படக்கூடுமாதலின், நூல் முழுமையையும் ஒரு நெறிப்படுத்திக்கொள்ளல் வேண்டும். அதற்குரிய செயற்கூறும் அப்பகுதியிலேயே உள்ளது.

ஒரு நூலகம் எவ்விலக்கணத்தைக் கொண்டதென்பதனை அடைவு தொடங்குமுன் சோதித்தறிதல் எளிது. நெடுங்கணக்கின் 247 எழுத்துக்களையும் ஒரு நிரலில் வைத்து, எழுத்தென அது ஒப்புவன எத்துணை என்று எண்ணுக. ஒன்றும் இல்லையெனின் அது பைட்டை நோக்குவது. 31 எனின் பொதுவகையை நோக்குவது. 229 எனின் அகரவரிசைத் தன்மையை நோக்குவது. 247 உம் வந்தாலே அதனிடம் திருமுறையைக் கொடுக்கலாம்.